பட்டியல் எட்டாத வீடுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2020 டிசம்பர் 8, விடிந்தும் விடியாத காலை ஆறரை மணி. இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக மருத்துவமனையில் 90 வயது மார்கரெட் கீனன் சட்டைக் கையை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். பரிசோதனைக் கட்டத்துக்கு வெளியே ஃபைசர் நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். ஐந்து வாரம் கழித்து, 2021 ஜனவரி 13 அன்று, ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் ஜோகோ விடோடோ தொலைக்காட்சி நேரலையில் தன் நாட்டின் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59. துணை அதிபர் மஃரூப் அமீனுக்கு 77. அவருக்கு அன்று ஊசி கிடையாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த நாட்டில் இன்னும் முறை வரவில்லை. பிப்ரவரி நடுவில்தான் துணை அதிபருக்கு ஊசி கிடைத்தது.

ஒரே நோய், ஏறக்குறைய ஒரே காலம். கோவென்ட்ரிப் பாட்டி ஜகார்த்தாவில் வாழ்ந்திருந்தால், முதலிடம் இருக்கட்டும், வரிசையிலேயே நின்றிருக்க முடியாது.

இரண்டு அரசுகளும் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கவில்லை. பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, யாரைக் காப்பாற்றினால் சாவு அதிகம் குறையும் என்ற ஒரே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டது. கொரோனாவில் வயதைப் போல உயிருக்கு உலை வைக்கும் காரணம் வேறில்லை. ஆகவே முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் முதல் படி. 80 வயதைக் கடந்தவர்களும் முன்களத்தில் நிற்கும் மருத்துவப் பணியாளர்களும் இரண்டாம் படி. அதன்பின் ஐந்தைந்து வயதாக இறங்கி 50 வரை. நடுவே நாள்பட்ட நோய் உள்ளவர்கள். மொத்தம் ஒன்பது படிகள். தடுக்கக்கூடிய இறப்புகளில் சுமார் 99 சதவீதம் இந்த ஒன்பதுக்குள் அடங்கிவிடும் என்று குழு கணக்கிட்டது.

இந்தோனேசியாவின் கையில் இருந்தது சீனாவின் சினோவாக் தடுப்பூசி. பாண்டுங் நகரில் நடந்த பரிசோதனையில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களை மட்டுமே சேர்த்திருந்தார்கள். முதியவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்று சொல்ல உள்நாட்டுத் தரவு இல்லை. கூடவே இன்னொரு வாதமும் இருந்தது. வேலைக்குப் போய் வருகிறவர்கள்தான் நோயை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் போட்டுவிட்டால் வீட்டில் இருக்கும் பெரியவர்களும் தப்பிப்பார்கள், தொழிலும் தலைதூக்கும் என்பது அந்த வாதம். முதல் காரணம் நேர்மையானது. இரண்டாவதற்கு அன்றைக்கு ஆதாரம் இல்லை. ஊசி போட்டவரிடமிருந்து நோய் பரவாது என்பதை அந்த நேரத்தில் எந்தத் தடுப்பூசியும் உறுதிப்படுத்தியிருக்கவில்லை. மருந்து அள்ளிக் கொடுக்கும் அளவுக்கு இல்லாத காலத்தில், தெரிந்ததைக் கொண்டு முடிவெடுத்த நாடுதான் சரியாகச் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

பரவலைப் பார்த்து முன்னுரிமை கொடுப்பது எப்போதுமே தவறு என்று இதற்குப் பொருளில்லை. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை பரவியபோது, எல்லோருக்கும் போடத் தடுப்பு மருந்து இல்லாத நிலையில், அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியும் அவரோடு இருந்தவர்களும் நோய் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் மட்டும் தேடிப்போய்ப் போட்டார்கள். நோய் அடங்கியது. பின்னாளில் இந்தியா உட்பட உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்தது அந்த வழியில்தான். ஆனால் பெரியம்மை முகத்தில் தெரியும் நோய். கொப்புளத்தைப் பார்த்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கொரோனாவோ இருமல் வருவதற்கு முன்பே அடுத்தவருக்குப் போய்விடுகிறது. நோயின் குணம் மாறினால் வரிசையும் மாற வேண்டும். 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது அமெரிக்கா வகுத்த முன்னுரிமையில் முதியவர்கள் இல்லை. கர்ப்பிணிகளும், கைக்குழந்தை உள்ள வீட்டாரும், 24 வயது வரையுள்ள இளையோரும் இருந்தார்கள். அந்தக் காய்ச்சல் தாக்கியது அவர்களைத்தான்.

எனவே யாருக்கு முதலில் என்பதற்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரு விடை கிடையாது. இதைப் பற்றி உலகெங்கும் அறிஞர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஒரு நெறிமுறையை வெளியிட்டது; அக்டோபரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் ஒன்றை வெளியிட்டது. அவை நல்ல ஆவணங்கள். அந்த ஆவணங்கள் கண்ணில் காட்டாத, ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஆட்களைத் தேர்ந்தெடுத்த இன்னொரு பட்டியல் உண்டு. அதை எந்தக் குழுவும் கூடி எழுதவில்லை. செல்போன், அடையாள அட்டை, மருத்துவச் சான்றிதழ், பணம், தூரம் ஆகியவை சேர்ந்து எழுதிய பட்டியல் அது. இந்தச் சொற்பொழிவின் கவலை அதைப் பற்றியது.

பிரிட்டனிலேயே அது தலைகாட்டியது. 2021 பிப்ரவரியில் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜோ வைலி ஒரு செய்தியை வெளியே சொன்னார். அவருக்கு ஊசி போட அழைப்பு வந்துவிட்டது. கற்றல் குறைபாடும் சர்க்கரை நோயும் கொண்ட, பராமரிப்பு இல்லத்தில் வாழும் அவருடைய தங்கைக்கு வரவில்லை. கடுமையான குறைபாடு உள்ளவர்களை மட்டுமே ஆறாம் படியில் வைத்திருந்தார்கள். எது கடுமை என்பதை ஒவ்வோர் ஊர் மருத்துவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். அதே மாதம் 24-ஆம் தேதி, மருத்துவரின் கற்றல் குறைபாட்டுப் பதிவேட்டில் பெயர் உள்ள அத்தனை பேருக்கும் முன்னுரிமை என்று விதி மாறியது. குறைந்தது 1,50,000 பேர் ஒரே நாளில் வரிசையில் முன்னே வந்தார்கள். ஒரு பதிவேடு ஏற்கெனவே இருந்ததால்தான் இது முடிந்தது. இந்தச் சிறு விவரம் முக்கியமானது. பின்னால் மறுபடியும் வரும்.

அடுத்தது மருத்துவப் பணியாளர்கள். அவர்களுக்கு முதலிடம் கொடுப்பதில் எந்த நாட்டிலும் சண்டை இல்லை. நமக்காக ஆபத்தில் நிற்பவர்கள் என்பது ஒரு நியாயம். அவர்கள் படுத்துவிட்டால் மற்றவர்களைப் பார்க்க ஆளில்லை என்பது இன்னொன்று. ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே யார் முதலில்?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை இந்த வேலையைக் கணக்கு முறை ஒன்றிடம் ஒப்படைத்தது. வயது, வேலை செய்யும் துறை, அங்கே நோய் கண்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து அது மதிப்பெண் போட்டது. 2020 டிசம்பரில் முதல் 5,000 டோசுக்கான பெயர்கள் வந்தன. கொரோனா வார்டுகளில் இரவும் பகலும் நின்ற பயிற்சி மருத்துவர்கள் 1,300 பேருக்கு மேல். பட்டியலில் வந்தவர்கள் 7 பேர். அவர்கள் இளைஞர்கள், ஆகவே வயதுக்கு மதிப்பெண் இல்லை. மாதத்துக்கு ஒரு துறையாகச் சுற்றுகிறவர்கள், ஆகவே நிலையான துறை என்று ஒன்று இல்லை. அந்த மதிப்பெண்ணும் போயிற்று. நோயாளியை நேரில் பார்க்காத சிலருக்கு இடம் கிடைத்திருந்தது. டிசம்பர் 18 அன்று பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே பதாகை ஏந்தி நின்றார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. தவறான எண்ணம் கொண்ட ஒருவர்கூட அந்தக் கதையில் இல்லை. யாரும் ஒருமுறை வார்டுக்குப் போய், இங்கே இரவு முழுக்க நிற்பது யார் என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று பிரதமர் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிறகு, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. அது நல்ல தொடக்கம். சுமார் 1 கோடி மருத்துவப் பணியாளர்கள், 2 கோடி முன்களப் பணியாளர்கள், பிறகு 50 வயதைக் கடந்தவர்களும் இணைநோய் உள்ளவர்களுமாக 27 கோடிப் பேர் என்று 30 கோடிக்கு முதல் திட்டம் வகுக்கப்பட்டது. முன்களப் பணியாளர் என்றால் போலீஸ், ராணுவம், சிறைத்துறை, உள்ளாட்சி, வருவாய்த்துறை. அரசு ஊதியப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை எண்ணுவது சுலபம். ஆனால் ஊரடங்கில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போட்டவரும், மருந்துக்கடைக் கவுன்டரில் நின்றவரும், நோயாளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய ஆட்டோக்காரரும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த இடைவெளியைத் தமிழ்நாடு ஓரளவு நிரப்பியது. 2021 மே 20 அன்று திருப்பூரில் 18 முதல் 44 வயதினருக்கான ஊசியைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, தொழிலைப் பார்த்து முன்னுரிமை வகுத்தது. பால், பத்திரிகை விநியோகிப்பவர்கள், தெருவோர வியாபாரிகள், மருந்துக்கடை ஊழியர்கள், ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்கள், பஸ் ஓட்டுநர், நடத்துநர்கள், ரேஷன் கடை ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று அது நீண்டது. தொடங்கிய இடம் பின்னலாடை நகரம் என்பதும் பொருத்தம். பட்டியல் நன்றாக இருந்தது, குப்பி இல்லை. உலக அளவில் 3.5 கோடி டோசுக்கு மாநில அரசு விட்ட டெண்டருக்கு ஒரு நிறுவனம்கூட விலைப்புள்ளி தரவில்லை.

தொழிலைப் பார்ப்பது நியாயம் என்றால், மனிதரின் மதிப்பைப் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கசப்பான விடை கிடைத்திருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களை நீண்டநாள் டயாலிசிஸில் வைத்திருக்கலாம் என்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960-இல் காட்டினார். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பல. யாருக்கு இயந்திரம் என்று முடிவு செய்ய ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது: ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர். 1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை அந்தக் குழுவின் அறைக்குள் நாட்டையே அழைத்துப் போனது. திருமணம் ஆனவரா, குழந்தைகள் எத்தனை, என்ன படிப்பு, என்ன சம்பளம், தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் அங்கே பேசப்பட்டது. தங்களைப் போன்ற வாழ்க்கை வாழ்கிறவரே அந்த ஏழு பேருக்கு வாழத் தகுந்தவராகத் தெரிந்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரவில் தூக்கம் கெட்டு முடிவெடுத்தவர்கள். என்றாலும் அந்த முறையே தவறு. 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த நாற்காலிகள் காலியாயின.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டிய ஒன்று உண்டு. 2020 டிசம்பரில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் செரோகீ பழங்குடி அரசு தன் பங்கு தடுப்பூசியைப் பிரித்தபோது, மருத்துவப் பணியாளர்களோடு சேர்த்து, செரோகீ மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர்களையும் முதல் படியில் வைத்தது. சரளமாகப் பேசுகிறவர்கள் அப்போது சுமார் 2,000 பேரே மிச்சம்; பெரும்பாலும் முதியவர்கள். ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினரும் தங்கள் மொழி பேசும் பெரியவர்களை முன்னே வைத்தார்கள். சியாட்டில் குழுவும் மதிப்பைத்தானே பார்த்தது, இதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. செரோகீ மக்கள் தங்கள் பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒருவருடைய ஒழுக்கத்தை யாரும் மூடிய அறையில் எடைபோடவில்லை. அந்த முதியவர்கள் எப்படியும் ஆபத்தில் இருந்தவர்களே. மொழிக்காக உயிரைக் கொடுத்தவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேசும் தமிழருக்கு, மொழிக்காக உயிரைக் காத்த இந்த முடிவு எளிதில் புரியும்.

மீண்டும் இந்தியாவுக்கு. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதினருக்கும் என்று திறந்தார்கள். இணைநோய் என்றால் அரசு சொன்ன 20 வகைகளில் ஒன்று. பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். சர்க்கரை இருப்பதே தெரியாமல் வாழ்கிறவர்கள் நிறைந்த நாடு இது. டாக்டரிடம் ஃபீஸ் கொடுத்து ஃபைல் வைத்திருப்பவர் இணைநோய் உள்ளவர். கிறுகிறுப்பு வந்தால் சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர் ஆரோக்கியமானவர் என்று ஆகிவிட்டது. ஒரு மாதத்தில் அந்த விதி போய், ஏப்ரல் 1 முதல் 45 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று மாறியது நல்லதாயிற்று. வயது என்ற அளவுகோலின் பலமே இதுதான். அதை நிரூபிக்கச் சான்றிதழ் தேடி அலைய வேண்டியதில்லை. ஆசிரியர்களும் போலீஸாரும் தங்களுக்கு முன்னுரிமை கேட்டபோது, பிரிட்டன் குழுவும் பிப்ரவரி இறுதியில் வயதையே தொடர்ந்து பிடித்துக்கொண்டது; தொழிலைச் சரிபார்க்கத் தொடங்கினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் உயிர் போகும் என்று அது சொன்னது.

மே 1 அன்று 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் கதவு திறந்தது. திறந்த கதவுக்கு முன்னால் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் இணையதளம் நின்றது. 18 முதல் 44 வயதினர் இணையத்தில் பதிவு செய்துதான் வர வேண்டும். தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஜூனில்தான் இந்திய மொழிகள் சேர்ந்தன. போன் நம்பரைப் போட்டு, ஓ.டி.பி. வருவதற்குள் ஸ்லாட் போய்விடும். சென்னை நிரலாளர் ஒருவர் உருவாக்கிய 'அண்டர்45' தளம் எந்த ஊரில் இடம் காலியாகிறது என்பதை டெலிகிராமில் உடனுக்குடன் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் அதனால் பயன்பெற்றார்கள். நல்ல மனத்தோடு செய்த வேலை அது. ஆனால் டெலிகிராம் வைத்திருப்பவர் யார்? நகரத்து இளைஞர்கள் காரில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அந்த ஊர்க்காரர்கள் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பல மாநிலங்களிலிருந்து செய்தி வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியிலும் இதே கதைதான். ஸ்பானிய மொழி பேசும் ஏழைகள் நிறைந்த அந்தப் பகுதிக்கென்று அமைத்த மையத்தில், வெளியூரிலிருந்து வந்த வசதி படைத்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

முந்தி வந்தவருக்கு முதலில் என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஃபுளோரிடாவின் லீ மாவட்டத்தில் 2020 டிசம்பர் இறுதியில் 65 வயதைக் கடந்த யாரும் வரலாம் என்று அறிவித்துவிட்டார்கள். மடக்கு நாற்காலியும் போர்வையுமாக எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இரவு முழுக்கக் குளிரில் காத்துக் கிடந்தார்கள். அப்படிக் காத்துக் கிடக்க உடலில் வலு உள்ளவருக்குத்தான் ஊசி கிடைத்தது. எந்தப் பலவீனத்துக்காக முன்னுரிமை கொடுத்தார்களோ, அந்தப் பலவீனமே அவர்களை வரிசையிலிருந்து வெளியே தள்ளியது.

பிறகு பணம். மே மாதத்திலிருந்து உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு, கால்பங்கு மாநிலங்களுக்கு, கால்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு என்று பிரித்தார்கள். அந்த மாதம் தனியாருக்குப் போன 1.20 கோடி டோசில் ஏறக்குறைய பாதியை ஒன்பதே மருத்துவமனைக் குழுமங்கள் வாங்கியிருந்தன. அவை பெரும்பாலும் பெருநகரங்களில் இருப்பவை. ஜூன் 8 அன்று அரசு விதித்த உச்சவரம்பின்படி தனியாரிடம் ஒரு டோஸ் கோவிஷீல்டு தடுப்பூசி 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு டோஸ் போட்டால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மே 31 தேதியிட்ட உத்தரவில், நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, 18 முதல் 44 வயதினரைப் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வது முதல் பார்வையிலேயே தன்னிச்சையானதாகவும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததாகவும் தெரிகிறது என்றது. இணையம் எட்டாதவர்கள் கதி என்ன என்றும் கேட்டது. ஜூன் 21 முதல் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் மத்திய அரசே இலவசமாகத் தரும் என்று கொள்கை மாறியது. நீதிமன்றம் கேட்ட கேள்வியை மார்ச் மாதமே திட்டம் தீட்டியவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஊசி போடும் மேசைக்கு அருகில் போய்ப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். கோவிஷீல்டு குப்பியில் 5 மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி என்று 10 பேருக்கு. மூடியைத் திறந்த நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். குப்பியைத் திறப்பதா, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவதா? திறந்தால் ஏழு டோஸ் வீணாகலாம். அனுப்பினால் கூலி விட்டுவிட்டு வந்த மூன்று பேரும் திரும்பி வருவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. நர்ஸ் போனை எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேசுகிறார்: பத்து நிமிஷத்துல வாங்க, ஆதார் எடுத்துட்டு வாங்க. யாருக்குப் பேசுகிறாரோ அவருக்கு ஊசி. எந்த நெறிமுறை ஆவணமும் அந்த நேரத்தில் அவருக்குத் துணைக்கு வராது. கேரளத்துச் செவிலியர்கள் குப்பியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மருந்தையும் உறிஞ்சி, வந்த 73,38,806 டோசிலிருந்து 74,26,164 ஊசி போட்டார்கள். 2021 ஏப்ரல் நடுவரை தமிழ்நாட்டில் வீணானது 12 சதவீதத்துக்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்தது. கைத்திறனை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது. இங்கே ஊசிக்கு அஞ்சி மையங்களுக்கு ஆளே வரவில்லை. ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் மாரடைப்பில் இறந்தது அச்சத்தை இன்னும் கூட்டியது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு பின்னர் ஆராய்ந்து சொன்னது. ஆனால் அச்சம் பரவிய வேகத்தில் அந்த விளக்கம் பரவவில்லை.

கர்ப்பிணிகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்கப் பட்டியலில் முதல் பெயர் அவர்களுடையது. 2021-இன் முதல் பாதியில் இந்தியாவில் அவர்களுக்கு ஊசியே கிடையாது. பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் தரவு இல்லை, தரவு இல்லாததால் அனுமதி இல்லை. இரண்டாம் அலை வந்தது. நோய் கண்ட கர்ப்பிணிகளில் அறிகுறி உள்ளவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதமாக இருந்தது, இரண்டாம் அலையில் 28.7 சதவீதமாக உயர்ந்ததை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அலை ஓய்ந்த பிறகு, ஜூலை 2 அன்று, அனுமதி வந்தது. பாதுகாக்கிறோம் என்று சொல்லிப் பரிசோதனையிலிருந்து ஒதுக்கி வைத்ததுதான் அவர்களைப் பாதுகாப்பில்லாமல் நிறுத்தியது. இது மன்னிக்கக் கடினமான பிழை.

ஆனால் அனுமதி வந்த ஒரு மாதத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜூலை முடிவில் நாடு முழுவதும் முதல் டோஸ் போட்டிருந்த கர்ப்பிணிகள் 2.27 லட்சம் பேர். அவர்களில் 78,838 பேர் தமிழ்நாட்டில். முதலிடம். ஊசிக்கு அஞ்சிய அதே மாநிலத்தில் இது எப்படி நடந்தது? இங்கே ஒரு பெண் உண்டானால் கிராம சுகாதார செவிலியர் பதிந்துகொள்கிறார். கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் கிடைக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் அந்த நம்பர் வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். எந்தத் தெருவில் எத்தனை மாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்று அந்தச் செவிலியருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் செவிலியரைத் தெரியும். மாதாமாதம் இரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த கை சொன்னால் ஊசி போட்டுக்கொள்கிறார். ஓ.டி.பி. தேவைப்படவில்லை. முன்னுரிமை என்பது காகிதத்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் போன இடம் இது.

அதிகாரத்தில் இருப்பவர்கள் வரிசையை உடைத்த கதைகளுக்கும் குறைவில்லை. அவற்றில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. பெருவில் சினோபார்ம் தடுப்பூசியை முன்னாள் அதிபர் மார்ட்டின் விஸ்காரா உட்பட 487 பேர் இரகசியமாகப் போட்டுக்கொண்டது 2021 பிப்ரவரியில் வெளிவந்து இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். அதே மாதம் அர்ஜென்டினாவின் சுகாதார அமைச்சர் விலகினார். ஸ்பெயினின் முப்படைத் தளபதி அதற்கு முந்தைய மாதமே விலகியிருந்தார். மக்கள் இவர்கள் மீது கோபப்பட்டது சரி.

நாடுகளே வரிசையை உடைத்தபோது எழுந்த கோபம் அந்த அளவுக்கு இல்லை. 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வசதி படைத்த 49 நாடுகளில் அதுவரை 3.9 கோடி டோஸ் போட்டாகிவிட்டது. மிக ஏழை நாடு ஒன்றில் 25 டோஸ். லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை. இருபத்தைந்து. கோவென்ட்ரியின் 90 வயதுப் பாட்டிக்குப் பிறகு லண்டனின் 50 வயதுக்காரருக்கா, கினி நாட்டில் கொரோனா வார்டில் நிற்கும் செவிலியருக்கா என்ற கேள்வியைப் பிரிட்டனின் ஒன்பது படிகள் கேட்கவே இல்லை. அதைக் கேட்க அமைந்த கோவேக்ஸ் திட்டம், 2021 இறுதிக்குள் எல்லா நாட்டிலும் 20 சதவீத மக்களுக்காவது போடுவதாக இலக்கு வைத்தது. முதல் தொகுதி பிப்ரவரி 24 அன்று கானாவில் இறங்கியது: புனேயில் தயாரான 6 லட்சம் டோஸ்.

மார்ச் முடிவில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. அதுவரை 6 கோடிக்கு மேல் டோஸ் வெளிநாடுகளுக்குப் போயிருந்தன. ஏப்ரலில் தில்லியில் சுடுகாடுகளில் இடமில்லை. அந்த நிலையில் எந்த அரசும் அப்படித்தான் செய்திருக்கும். ஆனால் அதன் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இலங்கையில் கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டுக்கொண்ட சுமார் 6 லட்சம் பேர் இரண்டாவது டோஸ் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜூலை இறுதியில் ஜப்பான் கொடுத்த தடுப்பூசி வந்த பிறகே அவர்கள் முறை வந்தது. உலகத்தின் ஊசியில் பெரும்பங்கை ஒரே நாட்டின் ஒரே ஆலையை நம்பி வைத்தது கோவேக்ஸின் அடிப்படைக் கோளாறு. முதல் ஓராண்டில் தடுப்பூசி 1.44 கோடி உயிர்களைக் காத்தது என்று 2022-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. கோவேக்ஸின் 20 சதவீத இலக்கு நிறைவேறியிருந்தால் ஏழை நாடுகளில் இன்னும் 45 சதவீத இறப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை கொள்ளைநோய் உடன்படிக்கையை ஏற்றது. அடுத்த முறை, உடன்படிக்கையின் பகிர்வு முறையில் சேரும் நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்கும் நோக்கில், குறைந்தது 10 சதவீதத்தை நன்கொடையாகத் தர வேண்டும் என்று அது பேசுகிறது. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்து திரும்பி வர வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றிருப்பது பெரிய முன்னேற்றம். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் இணைப்பைப் பேசித் தீர்க்கும் வேலையை இதே உடன்படிக்கை அரசுகளிடம் விட்டிருக்கிறது. அதில் இந்தியா ஏழை நாடுகளின் பக்கம் உறுதியாக நிற்க வேண்டும்.

ஆனால் அந்த 20 சதவீதம் ஒரு விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை ஜெனீவாவில் நடக்காது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையோடு கிடப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும். அந்தப் பெயர்ப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தால், அடுத்த கொள்ளைநோயின் முதல் வரிசை கிட்டத்தட்ட அதில் இருக்கிறது. பிக்மி பதிவேடும், முதியோர் ஓய்வூதியப் பட்டியலும், மாற்றுத்திறனாளிகளின் அடையாள அட்டைப் பதிவும் சேர்ந்தால் இன்னும் நிறைவாகும். இவற்றை இணைத்து ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் தெருவாரியாக வைத்திருக்க வேண்டும். வெளியாருக்குப் போகாதபடி பூட்டியும் வைத்திருக்க வேண்டும்.

அதில் இன்றைக்கு இல்லாதவர்கள் யார் என்பதும் தெரிந்ததுதான். சென்னை நடைபாதைகளில் படுப்பவர்கள், ஊர் ஊராகப் போகும் நரிக்குறவர் குடும்பங்கள், செங்கல் சூளைகளில் தங்கியிருப்பவர்கள், கட்டடம் முடியும்வரை தகரக் கொட்டகையில் வாழும் வடமாநிலத் தொழிலாளர்கள், மனநலக் காப்பகங்களில் இருப்பவர்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போடலாம் என்ற மத்திய அரசின் வழிமுறை 2021 மே 6 அன்றுதான், திட்டம் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து வந்தது. அவர்கள் பெயரைச் சேர்க்கத் தடுப்பூசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வட்டாரத்துக்கு ஒரு செவிலியரைக் கூடுதலாக நியமித்து, சூளை வேலை தொடங்கும் மாதத்திலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் போய் எழுதிக்கொண்டு வரலாம். அந்த வேலையைச் சுகாதாரத் துறை இந்த ஆண்டே தொடங்கலாம்.